ஐரிஷில் 'என், உன், அவன், அவள்': சொல்லின் முதலெழுத்தை மாற்றும் உடைமைச் சொற்கள் – முழுமையான வழிகாட்டி

அ ஃகர என்றால் அவனுடைய நண்பர். அ கர என்றால் அவளுடைய நண்பர். அ க³ர என்றால் அவர்களுடைய நண்பர். (ஃக, க³ போன்ற குறிகளை முதல் படியில் விளக்குகிறேன்.) ஐரிஷ் மொழியில் 'அவனுடைய', 'அவளுடைய', 'அவர்களுடைய' மூன்றுக்கும் ஒரே சொல்தான்: அ. யாருடைய நண்பர் என்பதை அந்த 'அ' சொல்லாது. அதற்கு அடுத்த சொல்லின் முதலெழுத்துதான் சொல்லும்.

தமிழில் வேற்றுமை, பன்மை எல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டும். அதனால் ஐரிஷ் படிக்க வரும் தமிழர் சொல்லின் வாலையே பார்த்துக்கொண்டிருப்பார். விஷயம் தலையில் நடந்து முடிந்திருக்கும். ஆனால் முன்னே நிற்கும் சொல் பின்னே வருவதன் முதலெழுத்தில் கைவைப்பது நமக்குப் புதிதில்லை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் படித்த புணர்ச்சியே அதுதான். ஐரிஷ் உடைமைச் சொற்களையும் புணர்ச்சியாகவே படித்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

முதல் படி: எழுதிக்கொள்ளும் முறை

ஐரிஷ் ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. தமிழில் குறித்துக்கொள்ளும்போது ஒரு சிக்கல் வரும்: நம் 'க' ஒன்றே கடலிலும் வருகிறது, தங்கத்திலும் வருகிறது. ஐரிஷில் இந்த இரண்டு ஒலிகளும் கலந்தால் 'அவள்' 'அவர்கள்' ஆகிவிடும். சுலோகப் புத்தகங்களில் அச்சிடுவார்களே, அந்த வழியையே எடுத்துக்கொள்வோம். க என்றால் கடலின் க. க³ என்றால் தங்கத்தின் க. ப என்றால் பல்லின் ப. ப³ என்றால் அம்பின் ப. த என்றால் தலையின் த. த³ என்றால் பந்தின் த. டகரத்துக்கும் அப்படியே.

இன்னும் இரண்டு ஒலிகள் வேண்டும். எஃகு என்று அழுத்திச் சொல்லும்போது தொண்டையில் உரசுகிற ஒலியை ஃக என்று எழுதுவோம். அதே உரசலைக் குரல் சேர்த்துச் சொன்னால் ஃக³. பேச்சில் 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வரும் க இதற்குக் கிட்டத்தட்ட வரும்.

ஐரிஷில் ஒவ்வொரு மெய்க்கும் தடித்த உச்சரிப்பு, மெலிந்த உச்சரிப்பு என இரண்டு உண்டு. இங்கே மெலிந்ததைச் சில இடங்களில் ஒரு 'ய' சேர்த்துக் காட்டியிருக்கிறேன்; மெலிந்த த, ட்ய என்று வரும். காதால் கேட்டுப் பழக 'தியாங்லன்' இணைய அகராதி நல்லது. மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர் என மூன்று வட்டார உச்சரிப்பிலும் சொற்களைப் பேசிக் காட்டும்.

இரண்டாம் படி: ஏழு பேர், மூன்று கூட்டம்

உடைமைச் சொற்கள் இவை: மொ (என்), தொ³ (உன்), அ (அவன்), அ (அவள்), ஆர் (எங்கள், நம்), வுர் (உங்கள்), அ (அவர்கள்). மொ, தொ³ இரண்டையும் பேச்சில் அழுத்தமில்லாமல் விழுங்கிச் சொல்வார்கள்.

ஏழாக மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்று கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். என், உன், அவன் மூன்றும் அடுத்த எழுத்தை மென்மையாக்கும். இதற்கு ஐரிஷில் ஷேவூ என்று பெயர், ஆங்கில நூல்களில் லெனிஷன். எங்கள், உங்கள், அவர்கள் மூன்றும் அடுத்த எழுத்தை வேறொரு எழுத்தால் மறைக்கும். இதற்கு உரூ என்று பெயர், ஆங்கில நூல்களில் எக்லிப்ஸிஸ். அவள் தனிக் கூட்டம். மெய்யெழுத்தை அவள் தொடவே மாட்டாள்.

தமிழருக்கு இங்கே இரண்டு எச்சரிக்கை. 'வுர்' என்பது பலரைக் குறிக்கும் 'உங்கள்' மட்டுமே, மரியாதை 'உங்கள்' கிடையாது. பெரியவர் ஒருவரிடம் பேசும்போதும் பொதுவாக தொ³ தான். கூச்சமாக இருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது, 'எங்கள்' 'நம்' வேறுபாடு ஐரிஷில் இல்லை. இரண்டுக்கும் ஆர்.

மூன்றாம் படி: ஷேவூ

ஒன்பது மெய்கள் மென்மையாகும். எழுதுவது மிக எளிது: அந்த எழுத்துக்கு அடுத்து 'எச்' சேர்த்தால் போதும். ஒலிதான் மாறிப்போகும்.

ப³வும் மவும் வ ஆகும். படகு பா³த்³, என் படகு மொ வாத்³. அம்மா மாஹிர், என் அம்மா மொ வாஹிர்.
க, ஃக ஆகும். நண்பர் கர, என் நண்பர் மொ ஃகர.
த³வும் க³வும் இரண்டுமே ஃக³ ஆகும். கதவு தொ³ரஸ், உன் கதவு தொ³ ஃகொ³ரஸ். கவுன் கூ³ன, உன் கவுன் தொ³ ஃகூ³ன. மெலிந்த உச்சரிப்பில் இவை ய ஆகிவிடும்.
ப, ஃப ஆகும். குழந்தை பாஷ்ட்ய, அவன் குழந்தை அ ஃபாஷ்ட்ய.
ஸவும் தவும் ஹ ஆகும். கண் ஸூல், அவன் கண் அ ஹூல். வீடு ட்யஃக், என் வீடு மொ ஹ்யஃக்.
ஃப ஒலிக்காமலே போய்விடும். எழுத்தில் 'எஃப் எச்' என்று இரண்டு எழுத்து இருக்கும், வாயில் ஒன்றும் இருக்காது.

ல, ந, ர மூன்றுக்கும் எழுத்தில் மாற்றம் இல்லை. ஸகரத்தில் ஒரு விலக்கு உண்டு: ஸ்க, ஸ்ப, ஸ்ட, ஸ்ம, ஸ்ஃப என்று கூட்டெழுத்தாகத் தொடங்கினால் மாறாது. பள்ளி ஸ்கொல், என் பள்ளியும் மொ ஸ்கொல் தான்.

பழைய ஐரிஷ் புத்தகம் எதையாவது புரட்டினால் இந்த 'எச்' இருக்காது. மென்மையாகும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் மெய்யெழுத்து மாதிரியே இருக்கும், வேலை மட்டும் வேறு. ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளி போய் 'எச்' வந்தது. ஐரிஷ் எழுத்தில் திரும்பிய பக்கமெல்லாம் 'எச்' தென்படுவது இதனால்தான்.

நான்காம் படி: உரூ

தமிழ் எழுத்து வரிசை கைகொடுக்கும் இடம் இது. க ங, த ந, ப ம என்று வல்லினமும் அதன் இன மெல்லினமும் அருகருகே நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உரூ என்பது அந்த வழியில் ஒரு எட்டு வைப்பது. க, க³ ஆகும். க³, ங ஆகும். த, த³ ஆகும். த³, ந ஆகும். ப, ப³ ஆகும்; ப³, ம ஆகும். அதாவது வல்லொலி குரல் பெறும். ஏற்கெனவே குரல் பெற்றிருந்தால் மூக்கொலியாகும். இதில் சேராத ஒரே எழுத்து ஃப. அது வ ஆகும். மொத்தம் ஏழு எழுத்துகள், அவ்வளவுதான். ம, ஸ, ல, ந, ர அசையாது.

எழுதும் முறை விநோதமானது. புது எழுத்தை முன்னால் போட்டு, பழைய எழுத்தையும் அப்படியே விட்டுவிடுவார்கள். 'அவர்கள் படகு' என்று எழுதும்போது மவும் ப³வும் இரண்டும் இருக்கும். படிக்கும்போது முன்னெழுத்தை மட்டும் படிக்க வேண்டும்: அ மாத்³. 'அவர்கள் நண்பர்' என்பதில் க³வும் கவும் எழுதி, அ க³ர என்று படிக்க வேண்டும். எங்கள் கதவு ஆர் நொரஸ். உங்கள் குழந்தை வுர் பா³ஷ்ட்ய. எங்கள் வீடு ஆர் ட்³யஃக். அவர்கள் கவுன் அ ஙூன.

கடைசி உதாரணத்தைக் கவனியுங்கள். சொல்லின் முதலில் ங! ஆங்கிலம் பேசுபவர்கள் இதில் திணறுவார்கள். ஆத்திசூடி வரிசைக்காக ங-வைத் தனியே சொல்லிப் பழகிய நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

பெயர்ச்சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் முன்னால் சேரும் எழுத்து சிறியதாகவே நிற்கும். டப்ளினுக்கு ஐரிஷில் பா³ல்ய ஆஹ க்லீஅ என்று பெயர். 'இல்' என்னும் பொருள் தரும் இ என்ற சொல்லும் உரூவைக் கொண்டுவரும் என்பதால், 'டப்ளினில்' என்பது இ மல்ய ஆஹ க்லீஅ. எழுத்தில் சின்ன 'எம்' ஒன்று பெரிய 'பி'க்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: உயிரெழுத்தும், காணாமல் போகும் ஃபகரமும்

அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் விதி வேறு. அப்பா அஹிர் என்ற சொல்லை வைத்துப் பார்ப்போம்.

மொ, தொ³ இரண்டும் தம் உயிரை இழந்து அடுத்த சொல்லோடு ஒட்டும்: மஹிர் (என் அப்பா), த³ஹிர் (உன் அப்பா). அவன் என்றால் மாற்றமில்லை: அ அஹிர். அவள் என்றால் ஒரு ஹ முளைக்கும்: அ ஹஹிர். மெய்யைத் தொடாத அவள், உயிர் வந்தால் மட்டும் வாய்திறக்கிறாள். எங்கள், உங்கள், அவர்கள் என்றால் ந சேரும்: ஆர் நஹிர், வுர் நஹிர், அ நஹிர். கிறிஸ்தவர்களின் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' செபம் ஐரிஷில் 'ஆர் நஹிர்' என்றுதான் தொடங்குகிறது. இந்த விதியை மறக்காமல் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

எழுதும்போது நகரத்துக்குப் பின் சிறு கோடு போட வேண்டும். அடுத்தது பெரிய எழுத்தாக இருந்தால் கோடு வேண்டாம். ஹகரத்துக்கு எப்போதுமே கோடு கிடையாது.

என் அப்பா மஹிர், அம்மா மாஹிர். இரண்டுக்கும் நடுவே குறில் நெடில் வேறுபாடுதான். தமிழ்க் காதுக்கு இது பெரிய விஷயமில்லை.

இனி ஃபகரம். ஷேவூ வந்தால் ஃப ஒலிக்காது என்றோம். ஒலிக்காவிட்டால் பெரும்பாலும் அடுத்து நிற்பது உயிர்தானே? அதனால் மொ, தொ³ அங்கேயும் சுருங்கும். போன் ஐரிஷிலும் ஃபோன் தான். ஆனால் என் போன் மோன், உன் போன் தோ³ன், அவன் போன் அ ஓன், அவள் போன் அ ஃபோன், எங்கள் போன் ஆர் வோன், அவர்கள் போன் அ வோன். வீட்டில் தினமும் கேட்கும் கேள்வி ஒன்று: கா வில் மோன்? 'என் போன் எங்கே?' இதில் 'கா' என்ற கேள்விச் சொல்லும் உரூவைக் கொண்டுவருகிறது. ஃபில் என்ற வினைவடிவம் வில் ஆகியிருக்கிறது. மூன்றே சொல்லில் உரூவும் ஷேவூவும் சுருக்கமும் வந்துவிட்டன. இந்த ஒரு வாக்கியத்தை நூறு முறை சொல்லலாம், தப்பில்லை.

ஏன் இப்படி?

காரணம் தெரிந்தால் விதி தானாகவே நினைவில் நிற்கும். மொழியியலாளர் மீட்டெடுத்திருக்கும் மிகப் பழைய வடிவங்களில் இந்த மூன்று 'அ'வும் வெவ்வேறு சொற்கள். 'அவனுடைய' உயிரில் முடிந்தது. 'அவளுடைய' ஸகரத்தில் முடிந்தது. 'அவர்களுடைய' மூக்கொலியில் முடிந்தது. இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிய மெய் மென்மையானது. மூக்கொலிக்குப் பின் வந்த மெய் குரல் பெற்றது. ஸகரம் மெய்யை ஒன்றும் செய்யவில்லை, உயிருக்கு முன் மட்டும் ஹகரமாகத் தேய்ந்து நின்றது. பிறகு அந்த இறுதி எழுத்துகள் உதிர்ந்துவிட்டன, அவை செய்த மாற்றம் மட்டும் அடுத்த சொல்லில் தங்கிவிட்டது.

தமிழ்ப் பேச்சில் இது இன்றும் நடக்கிறது. பகல் என்பதில் உயிர்களுக்கு நடுவே க உரசலாகிறது. பங்கு என்பதில் ஙகரத்துக்குப் பின் அதே க குரல் பெறுகிறது. நாம் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதிவிட்டு வேறுபாட்டை வாய்க்கு விட்டுவிடுகிறோம். ஐரிஷ்காரர்கள் எழுதிக் காட்டுகிறார்கள். ஐரிஷின் எழுத்துக்கூட்டல் கடினம் என்பவர்கள், அது எவ்வளவு தகவல் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: குழப்பம் வரும் இடங்கள்

உரூ ஏற்கும் ஏழு எழுத்துகளில் அவன், அவள், அவர்கள் மூவரும் தெளிவாகப் பிரிவார்கள். ம, ஸ வந்தால் அவன் மட்டும் தனித்து நிற்பான்: அ வாஹிர் அவனுடைய அம்மா, அ மாஹிர் அவளுடைய அம்மாவாகவும் இருக்கலாம், அவர்களுடைய அம்மாவாகவும் இருக்கலாம். ல, ந, ர வந்தால் மூவரும் ஒன்றே. சைக்கிள் ரொஹர், அ ரொஹர் என்றால் யாருடைய சைக்கிள் என்று பேச்சின் போக்கில்தான் தெரியும்.

தெளிவு வேண்டுமானால் சொல்லின் இறுதியில் அழுத்த விகுதி சேர்ப்பார்கள். அ ரொஹர்ஸ என்றால் 'அவளோட' சைக்கிள். அ ரொஹர்ஸன் என்றால் 'அவனோட' அல்லது 'அவங்களோட'. இந்த விகுதி இன்னொரு காரியத்துக்கும் வேண்டும். 'இது என் வீடு, உன் வீடு இல்லை' என்று நாம் 'என்'னை அழுத்திச் சொல்வோம். ஐரிஷில் மொ-வை அழுத்தவே முடியாது. மொ ஹ்யஃக்ஸ என்று வீட்டின் வாலில் அழுத்த வேண்டும்.

அயர்லாந்தின் மேற்கே உள்ள கொன்னமாரா பக்கம் ஆர், வுர் இரண்டையும்கூட வெறும் அ என்று சொல்லிவிடுவார்கள். அப்போது எங்கள், உங்கள், அவர்கள் மூன்றும் காதில் ஒன்றாகவே விழும். முதலில் பாடநூல் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1958-இல் அரசு வெளியிட்ட கய்ஜான் என்னும் பொதுத்தர இலக்கணம் அதற்காகத்தான் இருக்கிறது.

கடிதத்தில் 'அ ஃகர' என்று தொடங்கினால் 'அவனுடைய நண்பர்' என்று படித்துவிடாதீர்கள். அது விளி: 'நண்பரே'. விளிக்கும் ஓர் அ உண்டு, அதுவும் ஷேவூ செய்யும். அலுவலகக் கடிதம்கூட இப்படித்தான் தொடங்கும்.

ஏழாம் படி: முன்னிடைச் சொல்லோடு ஒட்டுவது

'இல்' என்னும் இ, 'ஓடு' என்னும் லெ, 'இலிருந்து' என்னும் ஓ போன்றவற்றுக்குப் பின் அ வந்தால் இரண்டும் ஒட்டிப்போகும்: இன, லென, ஓன. ஒட்டினாலும் அ-வின் குணம் போகாது. இன ஹ்யஃக் அவன் வீட்டில், இன ட்யஃக் அவள் வீட்டில், இன ட்³யஃக் அவர்கள் வீட்டில். ஆர் சேர்ந்தால் இனார், லெனார். மொ, தொ³, வுர் மூன்றும் தனித்தே நிற்கும்: இ மொ ஹ்யஃக்.

இதை வேகமாகக் கடந்து போக முடியாது. ஐரிஷில் குடியிருப்பது, தூங்குவது, உட்கார்ந்திருப்பது, நின்றுகொண்டிருப்பது எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பு வேண்டும். 'நான் என் குடியிருப்பில் இருக்கிறேன்' என்பது போலச் சொல்வார்கள். கால்வே நகரின் பெயர் கா³ல்யிவ். அங்கே குடியிருப்பவர் சொல்வது: தா மே இ மொ ஃகோனீ இ ஙால்யிவ். அவன் என்றால் தா ஷே இன ஃகோனீ. அவள் என்றால் தா ஷீ இன கோனீ. அவர்கள் என்றால் இன கோ³னீ. தூங்குகிறேன் என்பதற்கு இ மொ ஃகொல, உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்கு இ மொ ஹீ. தொழில் சொல்லவும் இது வரும்: தா ஷே இன வூன்ட்யோர், அவன் ஆசிரியராக இருக்கிறான், தா ஷீ இன மூன்ட்யோர், அவள் ஆசிரியராக இருக்கிறாள்.

வினைக்குச் செயப்படுபொருளாகவும் உடைமைச் சொல்லே வரும். 'அடிப்பது' பூ³அல. அவனை அடிப்பது ஆ வூஅல, அவளை அடிப்பது ஆ பூ³அல, அவர்களை அடிப்பது ஆ மூஅல. மூன்றாம் படியும் நான்காம் படியும் கைவந்திருந்தால் இதில் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

எட்டாம் படி: அகராதியில் தேடுவது

மாறிய வடிவங்கள் அகராதியில் தலைச்சொல்லாக இருக்காது. மாற்றத்தைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும். மெய்யில் தொடங்கும் சொல்லின் இரண்டாம் எழுத்து 'எச்' என்றால் அதை எடுத்துவிடுங்கள். சொல்லின் தொடக்கத்தில் பொருந்தாத இரண்டு மெய்கள் முட்டிக்கொண்டு நின்றால் (மவும் ப³வும், க³வும் கவும், நவும் த³வும், ப³வும் பவும், த³வும் தவும், நவும் க³வும்) முதலாவதை எடுத்துவிடுங்கள். வகர ஒலிக்காக ஃபகரத்துக்கு முன் 'பி எச்' என இரண்டு எழுத்து நிற்கும். அங்கே இரண்டையும் எடுக்க வேண்டும். சிறு கோட்டோடு ந இருந்தால் அதையும் கோட்டையும் எடுங்கள். சொல் 'எச்'சில் தொடங்கி அடுத்தது உயிராக இருந்தால், அந்த 'எச்' இல்லாமலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பழகிப் பார்க்க

விடையை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அவள் வீடு: அ ட்யஃக். அவர்கள் படகில்: இன மாத்³. எங்கள் பள்ளி: ஆர் ஸ்கொல், ஏனென்றால் ஸகரத்துக்கு உரூ கிடையாது. உங்கள் எல்லோருடைய அப்பா: வுர் நஹிர். உன் அம்மா: தொ³ வாஹிர். அவள் அப்பாவோடு: லென ஹஹிர். கொஞ்சம் கடினமானது: அவர்கள் தம் நண்பரின் வீட்டில் இருக்கிறார்கள். தா ஷீஅத்³ இ ட்³யஃக் அ க³ரத்³. இங்கே வீட்டை மாற்றியது 'இல்' என்னும் இ, நண்பரை மாற்றியது 'அவர்களுடைய' என்னும் அ. கடைசியில் வந்த த்³ நண்பருக்கான ஆறாம் வேற்றுமை வடிவம். வாலிலும் மாற்றம் ஐரிஷில் உண்டுதான்.